நமக்குள் ஏற்கெனவே இருக்கும் ‘புதிய’ வைரஸ்கள்: ஒரு வைரஸ் எத்தனை பேரிடம் உள்ளது என்பதை எப்படி அறிகிறார்கள்?

2025 ஜனவரி முதல் வாரத்தில் பெங்களூருவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கும், அதே நாளில் சென்னையிலும் சேலத்திலும் தலா ஒருவருக்கும் எச்எம்பிவி (மனித மெட்டாநியூமோவைரஸ்) என்ற சுவாச வைரஸ் தொற்றியிருப்பது தெரியவந்ததும், பல தொலைக்காட்சிகளில் அது ‘சீனாவிலிருந்து வந்துவிட்ட புதிய வைரஸ்’ ஆகிவிட்டது. பெங்களூருக் குழந்தைகள் இருவருக்கும் வெளிநாட்டுப் பயணத் தொடர்பு எதுவும் இல்லை. இந்த வைரஸ் இந்தியா உட்பட உலகெங்கும் முன்பிருந்தே சுற்றிவருவதுதான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அன்றே விளக்கமளித்தது. இருந்தும், அன்றைய பங்குச்சந்தைச் சரிவுக்குக்கூட இந்தச் செய்தி ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. எச்எம்பிவி 2001-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வகையில் அது புதியதுதான். ஆனால் இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஏறத்தாழ எல்லோரும் ஐந்து வயதுக்குள்ளேயே ஒரு முறையாவது அந்த வைரஸின் தொற்றுக்கு ஆளானவர்கள். இந்த இரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதையும், ‘புதிய வைரஸ்’ என்ற செய்தி வரும்போது அது மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதையும், அந்த எண்ணிக்கை எங்கெங்கே தவறாகப் போகும் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரே சொல்லால் குறிக்கப்படும் மூன்று நிகழ்வுகள்

‘புதிய வைரஸ்’ என்று செய்திகளில் சொல்லப்படுவது, ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்வுகளில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம்.

1. நெடுங்காலமாக மனிதர்களிடம் இருந்துவரும் ஒரு வைரஸை அறிவியல் இப்போதுதான் அடையாளம் காண்கிறது. மாறியது நம்முடைய அறிவு மட்டுமே.

2. விலங்குகளிடம் இருந்த ஒரு வைரஸ் முதன்முறையாகவோ, அல்லது அவ்வப்போது சிறு அளவிலோ மனிதருக்குள் நுழைகிறது. நிபா இந்த வகை. 2003-இன் சார்ஸும், 2019-இன் இறுதியில் தோன்றிய கோவிட் வைரஸும் இந்த வகையே.

3. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வைரஸின் மாற்றுருவம் பரவுகிறது, அல்லது அது புதிய நிலப்பகுதிக்குள் போகிறது. ஒமிக்ரான் இதற்கு எடுத்துக்காட்டு.

மனிதரைத் தொற்றக்கூடியது என்று நிறுவப்பட்ட முதல் வைரஸ் மஞ்சள் காய்ச்சல் வைரஸ். அது கியூபாவில் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட்டின் குழு நடத்திய ஆய்வுகளின் வழியாக 1901-இல் உறுதியானது. அதிலிருந்து 2012 வரை இத்தகைய வைரஸ் இனங்களின் எண்ணிக்கை 219-ஐ எட்டியிருந்தது; ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு இனங்கள் வீதம் பட்டியல் நீண்டுகொண்டிருந்தது. இந்த எண்ணைக் காட்டி ‘ஆண்டுதோறும் நான்கு புதிய வைரஸ்கள் மனிதனைத் தாக்கத் தொடங்குகின்றன’ என்று எழுதுவது பெரும் பிழை. அது கண்டறிதலின் வேகம். வருகையின் வேகம் அன்று. வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் சிறிய மீன்களும் சிக்கும், அதனால் கடலில் புதிய மீன் பிறந்துவிட்டதாக எந்த மீனவரும் சொல்வதில்லை. 1990-களுக்குப் பிறகு, மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையும், 2005-க்குப் பிறகு மலிவாகிய மரபணு வரிசைப்படுத்தலும் வலையின் கண்ணை மிகச் சிறிதாக்கிவிட்டன. அதற்கு முன்பு ஒரு வைரஸைக் காண வேண்டுமானால் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஏதேனும் ஓர் உயிரணுவில் அது வளர்ந்தாக வேண்டும். வளராதவை கண்ணில் படவே இல்லை.

1958-ஆம் ஆண்டின் ரத்தநீர் சொன்னது

எச்எம்பிவி கண்டுபிடிக்கப்பட்ட விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் ‘இது வந்ததா, இருந்ததா’ என்ற கேள்விக்கு எப்படி விடை காண வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரிலுள்ள எராஸ்மஸ் மருத்துவ மையத்தில், சுவாசத் தொற்றுடன் வந்த குழந்தைகளின் மூக்குச் சளி மாதிரிகள் இருபது ஆண்டுகளாகச் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் 28 குழந்தைகளின் மாதிரிகள் விளங்காத புதிராகவே இருந்தன. குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் ஏதோ ஒன்று மிக மெதுவாக வளர்ந்தது. மின்னணு நுண்ணோக்கியில் அது தட்டம்மை, தாளம்மை வைரஸ்களின் குடும்பத்தைப் போலத் தெரிந்தது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அறியப்பட்ட எந்த வைரஸுக்கான சோதனையிலும் அது சிக்கவில்லை. மரபணுத் துண்டுகளைப் படித்தபோது, கோழிகளையும் வான்கோழிகளையும் தாக்கும் ஒரு வைரஸுக்கு அது மிக நெருக்கமானது என்று தெரிந்தது.

இந்த இடத்தில் நின்றிருந்தால், ‘கோழியிலிருந்து மனிதனுக்குத் தாவிய புதிய வைரஸ்’ என்று உலகம் அலறியிருக்கும். ஆனால் அந்தக் குழு இன்னொரு சோதனையையும் செய்தது. வெவ்வேறு வயதினரின் ரத்தநீரில் (ரத்தத்தின் உயிரணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான சீரத்தில்) இந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, இருக்கிறதா என்று தேடியது. ஐந்து வயதைத் தாண்டிய ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் அது இருந்தது. அடுத்ததாக 1958-இல் சேகரித்து உறையவைக்கப்பட்டிருந்த 72 பேரின் ரத்தநீரை எடுத்துச் சோதித்தார்கள். 72-இலும் எதிர்ப்பொருள் இருந்தது. எனவே 2001-இல் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ வைரஸ், குறைந்தது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த நாட்டின் எல்லா வீடுகளுக்கும் போய்வந்திருக்கிறது. பறவை வைரஸிலிருந்து அது பிரிந்தது சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு என்பது மரபணு ஒப்பீடுகள் தரும் கணிப்பு. இந்தியாவில் புனேயில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளிடம் அது இருப்பது 2004-இலேயே ஆய்வேட்டில் பதிவானது.

இதனால் எச்எம்பிவி தீங்கற்றது என்றாகிவிடாது. பச்சிளங்குழந்தைகள், முதியோர், எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோரிடம் அது நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். அது முன்பும் உண்டாக்கியது. மருத்துவர்கள் அதை ‘காரணம் தெரியாத வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதினார்கள்.

இரண்டு அளவைகள், இரண்டு கேள்விகள்

ஒரு வைரஸ் எவ்வளவு பரவலானது என்று கேட்கும்போது, உண்மையில் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறோம்.

1. இன்று எத்தனை பேரின் உடலில் அந்த வைரஸ் இருக்கிறது? சளி, ரத்தம், மலம், தோல் ஆகியவற்றில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை இதற்கு விடை தரும்.

2. வாழ்நாளில் எப்போதாவது எத்தனை பேருக்கு அது தொற்றியிருக்கிறது? ரத்தநீரில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை இதற்கு விடை தரும். இப்படி எதிர்ப்பொருள் உள்ளோரின் விகிதத்தைக் கணக்கிடுவதே ரத்தநீர் ஆய்வு. கோவிட் காலத்தில் ‘சீரோ சர்வே’ என்று செய்திகளில் அடிபட்டது இதுதான்.

சளியை உண்டாக்கிவிட்டு இரண்டு வாரத்தில் வெளியேறும் வைரஸுக்கு முதல் எண் மிகச் சிறிதாகவும் இரண்டாவது எண் நூறை ஒட்டியும் இருக்கும். ஹெர்பிஸ் குடும்பத்தைப் போல ஒரு முறை நுழைந்தால் ஆயுள் முழுதும் தங்கிவிடும் வைரஸுக்கு, இரண்டாவது எண்ணே ஏறத்தாழ முதல் எண்ணும் ஆகும். இந்த இரண்டையும் கலந்து எழுதும் செய்திதான் பெரும்பாலான பீதிக்கு வித்து.

ரத்தநீர் ஆய்வின் உண்மையான வலிமை மொத்த விகிதத்தில் இல்லை. வயதுவாரிப் பிரிவில் இருக்கிறது. எதிர்ப்பொருள் விகிதம் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் செங்குத்தாக ஏறி, பிறகு உயரத்திலேயே நின்றால், அது காலங்காலமாக ஊருக்குள் சுற்றும் குழந்தைப் பருவ வைரஸ். பதினைந்து வயதுக்கு மேல் ஏறத் தொடங்கினால் பாலுறவு வழியாகப் பரவுவதாக இருக்கலாம். எல்லா வயதிலும் பூஜ்யமாக இருந்தால் அந்த வைரஸ் அந்த மக்களை இன்னும் தொடவில்லை. முதியவர்களிடம் மட்டும் இருந்து இளையோரிடம் இல்லாவிட்டால், அது முன்பொரு காலத்தில் பரவிப் பின்னர் மறைந்த ஒன்றின் தடயம். 2009-இல் எச்1என்1 இன்ஃப்ளுயன்சா பரவியபோது அமெரிக்காவில் இதையே கண்டார்கள்: அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் அதைத் தடுக்கும் எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருந்தது, குழந்தைகளிடம் அறவே இல்லை. 1918-இன் பெருந்தொற்று வைரஸின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரவியபோது இளமையில் இருந்தவர்கள் அந்த முதியவர்கள்.

எவ்வளவு பேரிடம் எவை உள்ளன?

கடந்த அறுபது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்ட மனித வைரஸ்களை அவற்றின் பரவலை வைத்துப் பார்த்தால், வியப்பூட்டும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. நோயுற்ற ஒரு சிலரிடம் ‘அபூர்வ வைரஸ்’ என்று முதலில் காணப்பட்டவை, தேடத் தேட எல்லோரிடமும் இருப்பதாகத் தெரியவந்தன.

1964-இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் புற்றுக்கட்டியில் காணப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகின் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் உள்ளது. 1971-இல் இரண்டு நோயாளிகளின் பெயர் முதலெழுத்துகளால் பெயரிடப்பட்ட ஜேசி, பிகே வைரஸ்களில் முதலாவது மூளைநோய் கண்டவரிடமும் இரண்டாவது சிறுநீரக மாற்று செய்துகொண்டவரிடமும் கிடைத்தது. இன்று பிகே வைரஸுக்கான எதிர்ப்பொருள் பெரும்பான்மை மக்களிடமும், ஜேசிக்கானது பாதியளவு மக்களிடமும் இருப்பது தெரியும். மனித ஹெர்பிஸ் வைரஸ்-6 இன்னும் தெளிவான சான்று. அது 1986-இல் எய்ட்ஸும் நிணநீர் உயிரணுக் கோளாறுகளும் உடைய அமெரிக்க நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரிக்கப்பட்டபோது, கொடிய நோய்களோடு சேர்த்துப் பேசப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர்கள் உண்மையைக் கண்டார்கள்: கைக்குழந்தைகளுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் இறங்கியதும் உடலெங்கும் சிவப்புத் தடிப்பு தோன்றி மறையுமே, அந்தச் சாதாரண நோயின் காரணமே இந்த வைரஸ்தான். மூன்று வயதுக்குள் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் இது தொற்றிவிடுகிறது. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் இந்த வைரஸின் மரபணுவைத் தம் குரோமோசோமிலேயே பெற்றோரிடமிருந்து பெற்றிருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பிசிஆர் சோதனை எப்போது செய்தாலும் ‘வைரஸ் உள்ளது’ என்றே வரும்.

2004-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏழு மாதக் குழந்தையிடம் கிடைத்த என்எல்63, 2005-இல் ஹாங்காங்கிலிருந்து அறிவிக்கப்பட்ட எச்கேயு1 ஆகிய இரு கொரோனா வைரஸ்களும், 2005-இல் ஸ்வீடனில் காணப்பட்ட போக்கா வைரஸும் இதே கதைதான். குழந்தைப் பருவத்தைத் தாண்டும் முன் பெரும்பாலோர் இவற்றைச் சந்தித்துவிடுகிறார்கள்.

அளக்கும் கருவி மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு டார்க் டெனோ வைரஸைவிடச் சிறந்த சான்று இல்லை. 1997-இல் ஜப்பானில், ரத்தம் ஏற்றியபின் கல்லீரல் அழற்சி கண்ட ஒரு நோயாளியிடம் அது கிடைத்தது. முதல் பிசிஆர் முறையில் ஜப்பானிய ரத்தக் கொடையாளர்களில் பத்தில் ஒருவர் அளவில்தான் அது காணப்பட்டது. எனவே கல்லீரல் நோயின் புதிய காரணி கிடைத்துவிட்டதாக நம்பிக்கை பிறந்தது. வைரஸின் மரபணுவில் மாறாத பகுதியைக் குறிவைத்துச் சோதனையைத் திருத்தியதும், நலமாயிருப்போரில் பத்தில் ஒன்பது பேரிடம் அது இருந்தது. எல்லோரிடமும் இருக்கும் ஒன்றை, நோயாளியிடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சிலருடைய நோய்க்குக் காரணமாகக் காட்ட முடியாது. கல்லீரல் நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது இன்றைய முடிவு.

மனித உயிரணுவைத் தொடாமல், குடலிலுள்ள பாக்டீரியாவை மட்டும் தொற்றும் வைரஸ்களையும் சேர்த்தால் நிலைமை இன்னும் வியப்பானது. 2014-இல் சான் டியேகோ ஆய்வாளர்கள், பிறர் முன்பே பொதுவெளியில் வைத்திருந்த மலமாதிரி மரபணுத் தரவுகளைக் கணினியில் ஒட்டுப்போட்டுப் பார்த்தபோது, சுமார் 97,000 எழுத்து நீளமுள்ள ஒரு வைரஸின் முழு மரபணு வெளிப்பட்டது. கிராஸ்ஃபேஜ் என்று பெயரிடப்பட்ட அது, சோதிக்கப்பட்ட மனிதர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருந்தது. யாருக்கும் அதனால் நோய் வந்ததாகத் தெரியவில்லை. ஆய்வகத்தில் அதன் உறவினம் ஒன்றை வளர்க்க 2018 வரை ஆயிற்று.

ஆனால் கண்டுபிடிக்கப்படும் எல்லாமே பரவலானவை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பரவும் வழி ரத்தம், பாலுறவு, தாய்ப்பால் என்று குறுகும்போது பரவலும் குறுகி, இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. 1994-இல் கபோசி என்ற வகைப் புற்றுக்கட்டியில் காணப்பட்ட ஹெர்பிஸ் வைரஸ்-8, வட ஐரோப்பாவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவும், சகாராவுக்குத் தெற்கே சில பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடமும் உள்ளது. 1989-இல் அடையாளம் காணப்பட்ட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-சி வைரஸ் உலக அளவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருக்கும்போது, எகிப்தில் 2008-இல் நடந்த ஆய்வில் 15 முதல் 59 வயதினரில் 14.7 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. நைல் நதிக்கரை மக்களை வாட்டிய நத்தைப் புழு நோயை ஒழிக்க, 1980-கள் வரை பல லட்சம் பேருக்கு, சரியாகக் கொதிக்கவைக்காத ஊசிகளால் மருந்து செலுத்தியதன் விளைவு அது. நல்ல நோக்கத்தோடு நடந்த ஒரு சுகாதார இயக்கம் ஒரு தலைமுறையின் கல்லீரலைப் பதம் பார்த்தது. அதைச் செய்த வைரஸுக்கு அப்போது பெயர்கூட இல்லை.

உண்மையிலேயே புதியவை

2003-இல் சார்ஸ் வைரஸ் கண்டறியப்பட்டதும், ஆய்வாளர்கள் முதலில் செய்தவற்றுள் ஒன்று நலமாயிருப்போரின் சேமித்த ரத்தநீரைச் சோதிப்பது. எதிர்ப்பொருள் ஒருவரிடமும் இல்லை. மனித இனம் அதை அதுவரை சந்தித்ததில்லை என்பதற்கு அதுவே சான்று. அந்த வைரஸ் சுமார் 8,100 பேரைத் தொற்றி, 774 உயிர்களைப் பறித்து, அத்துடன் நிறுத்தப்பட்டது. நிபாவும் அப்படியே, 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் அது பலி கொண்டபோதும் அதற்குப் பின்னும், பழந்தின்னி வௌவால்களிடம் அது பரவலாகவும் மனிதரிடம் மிக அரிதாகவுமே இருக்கிறது. அரிதாக இருப்பதும் கொடியதாக இருப்பதும் பல வேளைகளில் சேர்ந்தே வரும். உடலுக்குப் பழக்கமில்லாத வைரஸ் அது.

நெடுங்காலமாக இருந்தவை, உண்மையிலேயே புதியவை என்ற இரண்டு வகைக்கும் இடையில் நிற்கிறது எச்ஐவி. 1983-இல் கண்டறியப்பட்டாலும், இன்றைய கின்ஷாசாவில் 1959-இல் எடுக்கப்பட்ட ரத்தத்தில் அது இருந்திருக்கிறது. இந்தியாவில் அது நுழைந்துவிட்டது என்பதை உறுதிப்படுத்தியதும் ஒரு ரத்தநீர் ஆய்வுதான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்ஐவி எதிர்ப்பொருள் தெரிந்தது. ‘நம் நாட்டில் அது இல்லை’ என்ற நம்பிக்கை அத்துடன் முடிந்தது. நாட்டின் வயதுவந்தோரில் இன்று சுமார் 0.2 சதவீதம் பேர் எச்ஐவியுடன் வாழ்கிறார்கள்.

புதிய வைரஸ் ஒன்று மக்கள்தொகைக்குள் எப்படி நிரம்புகிறது என்பதைக் கோவிட் காலம் நம் கண்முன் காட்டியது. சென்னை அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ரத்தநீர் ஆய்வின் முதல் சுற்று 2020 மே, ஜூனில் 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் நடந்தது. எதிர்ப்பொருள் இருந்தோர் 0.73 சதவீதம். 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது சுற்றில் அது 67.6 சதவீதமாகியிருந்தது. தடுப்பூசி போட்டவர்களும் அதில் அடக்கம் என்றாலும், பெரும்பங்கு இயற்கைத் தொற்றுதான். தடுப்பூசியே இல்லாத சிறுவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. முதல் சுற்றின் இன்னொரு முடிவு இன்னும் முக்கியமானது: அரசுக் கணக்கில் பதிவான ஒவ்வொரு தொற்றுக்கும், பதிவாகாத தொற்றுகள் எண்பதுக்கும் நூற்றுமுப்பதுக்கும் இடையில் இருந்தன. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் பரவல் குறைவாகவும், இறப்பு விகிதம் மிகையாகவும் தெரியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

எண்ணிக்கை தவறும் இடங்கள்

1. ரசாயனத்தில் ஒளிந்திருக்கும் வைரஸ். 2009-இல், நாள்பட்ட சோர்வு நோயுள்ளோரில் 67 சதவீதத்தினரிடமும், நலமாயிருப்போரில் 3.7 சதவீதத்தினரிடமும் எக்ஸ்எம்ஆர்வி என்ற ரெட்ரோவைரஸ் (எச்ஐவியும் இந்த வகையே) உள்ளது என்று ஓர் ஆய்வு அறிவித்தது. நெடுநாள் துன்பத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டதென்று நோயாளிகள் பலர் எச்ஐவி மருந்துகளைக்கூட நாடினார்கள். பல ஆய்வகங்கள் திரும்பத் தேடியும் கிடைக்கவில்லை. 1990-களில் மனிதப் புற்றணுக்களை எலிகளில் வளர்த்தபோது இரண்டு எலி வைரஸ் துண்டுகள் இணைந்து உருவான ஆய்வகக் கலப்படம் அது என்று பின்னர் நிறுவப்பட்டது; 2011 இறுதியில் ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2013-இல் இன்னொன்று: சீனாவில் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி கண்ட 90 பேரில் 63 பேரிடம் ‘புதிய வைரஸ்’ கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. அது வந்தது நோயாளியின் ரத்தத்திலிருந்து அன்று. மரபணுவைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட சிலிக்கா வடிகுழாய்களிலிருந்து. கடல்வாழ் நுண்பாசிகளின் ஓட்டிலிருந்து பெறும் சிலிக்காவோடு அதன் வைரஸும் வந்திருக்கலாம் என்பது விளக்கம். நலமாயிருப்போரின் மாதிரிகளையும் அதே நாளில், அதே பெட்டிச் சாதனங்களால் சோதிக்காத எந்த ஆய்வையும் நான் ஐயத்தோடுதான் படிக்கப் பரிந்துரைப்பேன்.

2. உறவினரைப் பார்த்து ஏமாறும் சோதனை. ஒரு வைரஸுக்கு உருவான எதிர்ப்பொருள், அதன் நெருங்கிய உறவான இன்னொரு வைரஸோடும் ஒட்டிக்கொள்ளும். டெங்கி வந்துபோன ஊரில், அதன் உறவான ஜிகா வைரஸின் பரவலை ரத்தநீரால் மட்டும் அளப்பது இதனால்தான் கடினம்.

3. அரிதானதைத் தேடும்போது கூடும் பொய் விடைகள். நூற்றில் ஒருவருக்கு மட்டும் உள்ள வைரஸை, தொற்றுள்ளோரில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கும், தொற்றில்லாதோரில் 98 சதவீதத்தினரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் ஒரு சோதனையால் 10,000 பேரிடம் தேடுவதாகக் கொள்வோம். உண்மையில் தொற்றுள்ளோர் 100 பேர். அவர்களில் 90 பேர் சிக்குவார்கள். தொற்றில்லாத 9,900 பேரில் 2 சதவீதம், அதாவது 198 பேருக்கும் ‘உள்ளது’ என்று தவறாக வரும். மொத்தம் 288 பேரில் உண்மையானவர்கள் 90 பேர் மட்டுமே. மூன்றில் இரண்டு விடைகள் பொய். நல்ல சோதனையாலேயே பரவல் மூன்று மடங்காகக் காட்டப்பட்டுவிடுகிறது.

4. இருப்பதும் காரணமாவதும் வேறு. போக்கா வைரஸின் மரபணு, குழந்தைக்கு நோய் தீர்ந்த பிறகும் மூக்கில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இருக்கும். இப்போதைய இருமலுக்கு வேறொரு வைரஸ் காரணமாயிருக்க, சோதனையில் போக்கா சிக்கும்.

கடைசிப் புள்ளியின் மறுபக்கமும் உண்டு. பரவலாக இருக்கிறது என்பதாலேயே ஒரு வைரஸைக் குற்றமற்றதென விடுவித்துவிடவும் முடியாது. 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஆய்வாளர்கள் யுவான் சாங்கும் பேட்ரிக் மூரும், மெர்க்கல் உயிரணுப் புற்று என்ற அரிய தோல் புற்றுநோயின் பத்துக் கட்டிகளில் எட்டில் ஒரு புதிய பாலியோமா வைரஸை (ஜேசி, பிகே வைரஸ்களின் உறவு) கண்டார்கள். பின்னர் பார்த்தால் வயதுவந்தோரில் பெரும்பாலோரிடம் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தது. நலமான தோலிலும் அந்த வைரஸ் வாழ்கிறது. ஆயினும் அது காரணமே. கட்டியின் எல்லா உயிரணுக்களிலும் வைரஸின் மரபணு ஒரே இடத்தில் பதிந்திருந்ததால், அந்தப் பதிவு கட்டி வளர்வதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. கோடிக்கணக்கானோரிடம் அமைதியாக இருந்து, மிகச் சிலரிடம் மட்டும் விபத்தாக மரபணுவில் பதிந்து புற்றாக்குகிறது அது.

பரவல் எண்ணால் மாறும் முடிவுகள்

ரத்த வங்கிகளுக்கு இது அன்றாடக் கேள்வி. ஹெபடைட்டிஸ்-சி அரிது, ஆனால் தீங்கானது. எனவே ஒவ்வொரு கொடையும் சோதிக்கப்படுகிறது. 1990-களின் நடுவில் ‘ஹெபடைட்டிஸ்-ஜி’ என்ற அச்சமூட்டும் பெயரோடு ஒரு வைரஸ் அறிவிக்கப்பட்டபோது, வளர்ந்த நாடுகளில் நலமான கொடையாளர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை அதை ரத்தத்தில் சுமப்பது தெரிந்தது. அது கல்லீரலைத் தாக்குவதில்லை என்பதும் தெரிந்தபின் கொடைகளைச் சோதிக்கும் பேச்சு கைவிடப்பட்டது. பெயரும் பெகி வைரஸ் என்று மாறிவிட்டது. அதைச் சோதிக்கத் தொடங்கியிருந்தால் பயன் ஏதுமின்றி ஆயிரக்கணக்கான யூனிட் ரத்தம் கொட்டப்பட்டிருக்கும்.

உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் கணக்கு வேறு. பெரும்பாலோரிடம் உறங்கும் பிகே வைரஸ், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரிடம் விழித்துக்கொண்டு, மாற்றிவைத்த சிறுநீரகத்தையே பாழாக்கக்கூடும். அதனால் அறுவைக்குப் பின் மாதந்தோறும் ரத்தத்தில் அதன் அளவு பார்க்கப்படுகிறது. நோயேதும் தராத டார்க் டெனோ வைரஸுக்கோ எதிர்பாராத ஒரு பயன் வாய்த்திருக்கிறது: ஏறத்தாழ எல்லோரிடமும் இருப்பதால், அது ரத்தத்தில் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைக் கொண்டு நோயாளியின் எதிர்ப்பாற்றல் எந்த அளவுக்கு அடக்கப்பட்டுள்ளது என்பதை மதிப்பிடும் முயற்சிகள் நடக்கின்றன.

பரவல் எண்ணைத் தனியொரு நோயாளியின் சிகிச்சையில் நேரடியாகப் பயன்படுத்துவது ஜேசி வைரஸின் விஷயத்தில்தான். தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய்க்கான நட்டாலிசுமாப் என்ற மருந்து 2004 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, மூன்று மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது. அதை எடுத்துக்கொண்ட சிலருக்கு ஜேசி வைரஸ் மூளையைச் சிதைத்தது தெரியவந்ததே காரணம். மருந்து பலனுள்ளது என்பதால் 2006-இல் கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது. இப்போது சிகிச்சை தொடங்கும் முன் ஜேசி எதிர்ப்பொருள் சோதிக்கப்படுகிறது. எதிர்ப்பொருள் இல்லாதவருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. உள்ளவருக்கு, சிகிச்சை இரண்டு ஆண்டுகளைத் தாண்டும்போது ஆபத்து பல மடங்கு உயர்வதால் மாற்று மருந்து பேசப்படுகிறது. முதல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது திரும்பச் செய்யப்படுகிறது. சிகிச்சைக் காலத்திலேயே அவர்களில் சிலருக்கு அந்த வைரஸ் முதன்முறையாகத் தொற்றிவிடுகிறது.